மூன்று வாரப் படுக்கையும் முப்பது வருட மூப்பும்

"இந்த வயசுல எதுக்குப்பா அலையறீங்க, பேசாம படுங்க" என்று பிள்ளைகள் பாசத்தில் சொல்வதுண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய ஆராய்ச்சி கைகொடுக்கிறது.

1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கடும் உழைப்பின்போது அவர்கள் உடம்பு எடுத்துக்கொள்ளும் பிராணவாயு கால்பங்குக்கு மேல் குறைந்துபோனது. 30 வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். அத்தனை வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம்! பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், மூப்பால் இழந்த திறன் திரும்பிவிட்டது. இதயம் இளமைக்குப் போகவில்லை. ரத்தத்திலிருந்து பிராணவாயுவைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளத் தசைகள் பழகிக்கொண்டன.

போன வருடம் சிக்குன்குனியாவில் பதினைந்து நாள் கிடந்து எழுந்தேன். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இனிமேல் மாடி கிடையாது என்று வீட்டில் தீர்மானமே செய்துவிட்டார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை, அப்புறம் கோயில் பிரகாரம் ஒரு சுற்று என்று கூட்டிக்கொண்டே போனேன். மூன்று மாதத்தில் மொட்டைமாடிச் செடிகளுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன்.

காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள், டாக்டர் சரி என்றதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்கிவிடுங்கள். நாம் ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான். தசைகளுக்கு அந்த உத்தரவு இன்னும் வரவில்லை.