தடம் பார்க்கத் தெரிந்தவர்கள்

தை அறுவடை முடிந்த வயல். வரப்பின் அடியில் ஐந்தாறு வளைகள். எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. இருளர் பழங்குடிப் பெரியவர் நின்று பார்க்கக்கூட இல்லை. நடந்தபடியே கடப்பாரை நுனியால் ஒன்றைக் காட்டி, "இது பழசு, உள்ள ஒண்ணும் இல்ல" என்றார். வளைவாயை மறித்துச் சிலந்தி வலை கட்டியிருந்தது. அடுத்ததில் புதுமண் ஈரமாக வெளியே தள்ளிக் கிடந்தது. பக்கத்தில் கடித்துப்போட்ட கதிர்த்தாள். "இதுல எலி இருக்குது." மூன்றாவதை நெருங்கவே விடவில்லை. "எலி போய் வந்தா நகம் கீறியிருக்கும். இது வழிச்சுவிட்டாப்புல இருக்குது பாருங்க. பாம்பு போய் வருது."

மாமல்லபுரத்துக்கு மேற்கே, செங்கல்பட்டு போகும் வழியில் ஒரு ஏரிக்கரை ஊர். சென்னையிலிருந்து சில கல்லூரிப் பிள்ளைகளும் இரண்டு பள்ளி ஆசிரியைகளும் வந்திருந்தார்கள். அவர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். பெரியவரும் அவர் மனைவியும்தான் எங்கள் வாத்தியார்கள். காட்டிலும் வயலிலும் பிழைக்கத் தங்களுக்குத் தெரிந்ததை ஒரு நாள் கூடவே நடந்து காட்டித் தருவதாக ஏற்பாடு.

எலி பிடிக்கிற வேலை, பார்க்கிறவருக்குத்தான் எளிது. முதலில் வளையின் மற்ற வாய்களையெல்லாம் தேடி மண்ணால் அடைக்க வேண்டும். தேடுவதுதான் பாதி வேலை. ஒரு வாய் தப்பிவிட்டால் எலியும் தப்பிவிடும். பிறகு, அடியில் சின்னத் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, பானையின் வாயை வளையோடு பொருத்தி, துளை வழியாக ஊதுகிறார்கள். புகை உள்ளே இறங்குகிறது. மண்ணில் எங்காவது மெல்லிய கோடாகப் புகை கசிந்தால் அங்கே இன்னொரு வாய் இருக்கிறது. அதை அந்த அம்மா காலாலேயே மிதித்து மூடினார். தோண்டியபோது எலியோடு, அது சேர்த்துவைத்திருந்த கதிர்களும் கிடைத்தன. எலியும் அவர்களுக்கு உணவு, நெல்லும் அவர்களுக்கு உணவு. வயல்காரருக்கும் விஷம் வைக்காமலே காரியம் முடிகிறது. விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சேர்ந்து சாகலாம்.

பாம்பு பிடிக்க அவர் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. அனுமதி இல்லாமல் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதைவிட உயிராபத்து. பார்க்க மட்டும் கற்றுத்தருகிறார். மணலில் வளைந்து போன தடத்தில், ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மணல் குவிந்திருக்கும். உடம்பு பின்னால் உந்திய மண் அது. ஆகவே பாம்பு போனது எதிர்ப்பக்கம். ஒரு கல்லூரிப் பெண் மண்டியிட்டு வெகுநேரம் அந்தக் குவியலையே பார்த்தாள். பிறகு அடுத்த தடத்தைத் தானே சொன்னாள், சரியாக. காலையிலிருந்து நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

இருளரின் இந்தக் கண்ணுக்கு நாடு பட்டிருக்கும் கடன் பெரியது. ஒரு காலத்தில் இருளர் பாம்பைத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வியாபாரம் நின்று, பிழைப்பும் நின்றது. பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்த மருந்தும் இல்லாதிருந்தால் கணக்கு எங்கே போயிருக்கும்!

2017இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் பதின்மூன்றை முதல் எட்டு நாளிலேயே பிடித்தார்கள். முன்பின் பார்த்திராத சதுப்பு நிலம், பழக்கமில்லாத பாம்பு. தடம் பார்க்கும் கண் மட்டும் அதேதான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மதியத்துக்குமேல் அந்த அம்மாவின் பாடம். புதரில் காய்ந்து தொங்கிய ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு வேர்வரை போனார். இலை ஒன்றுகூட இல்லை. எது என்ன என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. "வள்ளிக்கிழங்கு. கொடி காஞ்சாத்தான் கிழங்கு முத்தும்" என்று தோண்டினார். கிழங்கு முழுவதையும் எடுக்கவில்லை. கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியைக் குழியில் வைத்து மண்ணை மூடினார். "இத வுட்டுட்டாத்தான் மழைக்குத் தழையும், அடுத்த வருசமும் வந்து எடுக்கலாம்." வழியிலேயே நன்னாரியையும் நொச்சியையும் முகரக் கொடுத்தார். அருகே தண்டரையில், 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் இப்படிப்பட்ட மூலிகைகளை நாற்றங்காலில் வளர்த்துவருகிறது.

இயற்கையோடு மக்களை மீண்டும் இணைப்பது என்று இப்போது நிறையப் பேசுகிறோம். முகாம்கள் நடக்கின்றன, கட்டணமும் வாங்குகிறார்கள். அவற்றில் இவர்களைப் போன்றவர்களை வழிகாட்டி என்று ஓர் ஓரத்தில் நிறுத்தி, மேடையில் வேறு யாரோ விளக்கம் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். பாடம் இவர்களுடையது; ஆசிரியர் என்ற பெயரும் ஆசிரியருக்கான சம்பளமும் இவர்களுக்குத்தான் வர வேண்டும். பாடம் நடத்த இடமும் வேண்டும். காப்புக்காட்டில் நினைத்தபடி தோண்ட முடியாது. வெளியே இருந்த புதர்க்காடோ மனைப்பிரிவாகி, கல் நட்டுக் கம்பிவேலி போட்டாகிவிட்டது. அந்த அம்மா முன்பு கிழங்கெடுத்த இடங்களைக் கைநீட்டிக் காட்டினார். பாதிக்கு மேல் வேலிக்குள் இருந்தன.

அவர்கள் பேரன் உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறான். எங்களோடுதான் நடந்தான். அவனுக்கு வளை தெரிகிறது, தடம் பாதி தெரிகிறது. ஆனால் பள்ளி நாளில் காட்டுக்குப் போக முடியாது, படிப்பை விடவும் கூடாது. இரண்டும் அவனுக்கு வேண்டும். அவன் பள்ளியே இந்தத் தாத்தாவை வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டு மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லித்தரச் சொன்னால் என்ன?

வந்திருந்த ஆசிரியைகளில் ஒருவர் தங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரக் கேட்டார். ஒரு வகுப்பு முழுவதும், நாற்பது பேர். பெரியவர் உடனே தலையசைக்கவில்லை. "பத்துப் பத்துப் பேரா கூட்டிக்கினு வாங்கம்மா. நாப்பது பேர் நடந்தா தடமெல்லாம் அழிஞ்சிடும், நான் எதைக் காட்டறது? காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துடணும், வெயில் ஏறிட்டா ஒண்ணும் தெரியாது. கூலிய முன்னாடியே பேசிக்கலாம்" என்றார். ஆசிரியை நான்கு தேதிகளைக் குறித்துக்கொண்டார்.