கல்லும் மங்கும் யாருக்கு உரியவை?

மஸ்ஜித் இந்தியா வீதியில் மாலை வேளைகளில் நடந்து செல்வோர், நடைபாதையோரத்தில் துணி விரித்து மோதிரக் கற்களைப் பரப்பி வைத்திருக்கும் வியாபாரிகளைக் கண்டிருப்பர். இன்ன கல் செல்வத்தைப் பெருக்கும், இன்ன கல் கண்ணேறு கழிக்கும் என்று அவர்கள் அடித்துச் சொல்லுவர். கல்லுக்கு அத்தகைய ஆற்றல் உண்டாயின், அதை மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர் ஏன் புழுதியில் குந்தியிருக்க வேண்டுமென்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த விவாதம் இன்று நமக்கு வேண்டுவதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இக்கல் எந்த மலையிலிருந்து வந்தது? எடுத்தவர் யாருடைய அனுமதி பெற்று எடுத்தார்? மண்ணில் கிடப்பதைக் குனிந்து எடுப்பதற்கும் அனுமதியா என்று சிரிப்பவர் பலர். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அச்சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

கோலாலம்பூருக்கு வடகிழக்கே, கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டை ஒட்டி, வெண்ணிறப் படிகக் கல்லாலான நெடிய முகடொன்று ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. அதன் பக்கம் ஏறி இறங்கிய இளைஞருள், ஒரு வெள்ளைக் கல்லையேனும் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளாதவர் அரியர். ஆயின் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் ‘பாறைப் பொருள்’ என்னும் தொடருக்குக் கூறும் விளக்கம் என்ன? பாறை, கல், சரளை, மணல், களிமண், சேறு, பவளம், கிளிஞ்சல் யாவும் அதனுள் அடங்கும். குகைகளிற் சேரும் வௌவால் எச்சமும் அடங்கும். அவற்றினின்று செய்த செங்கல்லுங்கூட அடங்கும். வேறொருவருக்கு உரிமை வழங்கப்படாதவரையில் இவையனைத்தும் மாநில அரசுக்கே சொந்தம். அரசு நிலத்திலிருந்து இவற்றை அகற்ற அனுமதிச் சீட்டு வேண்டும். லாரி லாரியாக மணல் அள்ளுவோரைக் கருதியே இவ்விதி எழுந்திருக்க வேண்டுமென்பது வெளிப்படை. எனினும் அவ்விளக்கத்தில் லாரிக்கும் சட்டைப்பைக்கும் வேறுபாடு கூறப்படவில்லை. ஒதுக்குக் காட்டின் எல்லைக்குள் கால் வைத்தாலோ 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் வந்து நிற்கும். அங்கிருந்து கொண்டுவரும் பாறையும் ஆற்றுமணலும் மரத்தைப் போன்றே வன விளைபொருள்கள்.

அமெரிக்காவின் பொதுநிலங்கள் பலவற்றில், கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகளைச் சொந்த உபயோகத்திற்காக ஒருவர் நாளொன்றுக்கு 25 பவுண்டும் அதன்மேல் ஒரு துண்டும் எடுக்கலாம். ஆண்டுக்கு 250 பவுண்டைத் தாண்டலாகாது. நூறாண்டு கடந்த மனிதக் கைவேலைப் பொருளாயின் அனுமதியின்றித் தொடலாகாது. அங்கும் குழப்பத்திற்குக் குறைவில்லை. ஆயினும் தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடிய எண் ஒன்றாவது இருக்கிறதே!

கல்லை விட்டுப் பழம்பொருளுக்கு வருவோம். இந்நாட்டில் 1957ஆம் ஆண்டின் புதையற் சட்டத்திற்கும் 1976ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்திற்கும் பதிலாக 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. குறைந்தது 50 ஆண்டு கடந்த எந்த அசையும் பொருளும் அதன் கணக்கில் தொல்பொருளே. மரபுடைமைச் சிறப்பு உண்டென்று நம்பக் காரணமுள்ள ஒரு பொருளைக் கண்டெடுப்பவர், மரபுடைமை ஆணையருக்கோ ஜில்லா அதிகாரிக்கோ உடனே அறிவிக்க வேண்டும். ‘நம்பக் காரணமுள்ள’ என்னும் இரண்டு சொற்களை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்திருப்பார்களாக.

சென்ற ஆண்டு, கிள்ளானுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர் துணிமூட்டையுடன் நம்மிடம் வந்தார். தோட்டம் விற்கப்பட்டு, கித்தா மரங்கள் அழிக்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டுப் பல்லாண்டுகளாயின. சாலைக்கென எடுக்கப்பட்டு எஞ்சிய துண்டு நிலம் ஒன்று மட்டும் சர்க்கார் கையில் புதர் மண்டிக் கிடக்கிறதாம். மழை மண்ணை அரித்த இடத்தில் அவர் பொறுக்கியவை இரண்டு பீங்கான் மங்குகள், எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று, தேய்ந்துபோன அம்மிக் குழவி ஒன்று.

“ஐயா, இவற்றை நான் வைத்துக்கொள்ளலாமா? திருட்டென்று சொல்லிவிடுவார்களோ?” என்று கேட்டார்.

அவருக்காக நாம் விசாரிக்கப் புறப்பட்டோம். ஓர் அலுவலகத்தார், நிலத்தில் கிடந்தது நிலத்தாரின் விஷயம் என்றனர். நிலத்தாரோ, பழம்பொருளாயின் தமக்குச் சம்பந்தமில்லை என்றனர். மூன்றாம் இடத்திலிருந்த இளைஞர் மங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதற்கெல்லாம் யார் வரப்போகிறார்கள்? கொண்டுபோங்கள்” என்று நகைத்தார். அன்று நமக்குக் கிடைத்த ஒரே விடை அந்த நகைப்புத்தான்.

அந்த இளைஞரை மட்டும் நோவதில் பயனில்லை. தங்கக் காசு அகப்பட்டால் அதிகாரிகள் ஓடி வருவரென்பதை எல்லோரும் அறிவர். பால் வடிந்த மங்குக்கு ஒரு சிறப்பு உண்டென்று நம்புவதற்குக் காரணம் யாருக்கு இருக்கிறது? தோட்ட மக்களுக்கே இல்லை. பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தபோது ஆட்டுக்கல்லையும் பால்வாளியையும் வெட்கப்பட்டு விட்டுவந்தவர்கள் நம்மவர். சட்டம் காண்பவனின் நம்பிக்கையைக் கேட்கிறது. காண்பவனோ தன் பாட்டன் கைப்பட்ட பொருளைக் குப்பையென்றே கற்றிருக்கிறான். விதிகளின் குழப்பத்தினும் பெரிய குழப்பம் இதுவென்பது நமது அபிப்பிராயம்.

பொருளை எடுத்துப் பத்திரப்படுத்தினாற் போதுமென்று எண்ணுவோரும் உளர். போதாது. 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் கேப்டன் வட மலாயாவில் ஒரு கல்லைக் கண்டெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயர் பொறித்த, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் அது; இன்று அந்நகரின் இந்தியக் காட்சிச்சாலையில் இருக்கிறது. எழுத்தைப் படித்துவிட்டார்கள். ஆயினும் அது சரியாக எவ்விடத்தில் கிடைத்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு தீரவில்லை. கிள்ளானில் அகப்பட்ட பழைய வெண்கல மணியொன்றோ 1949இல் விலைக்கு வாங்கப்பட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிள்ளான் மக்களுள் அதைப் பார்த்தவர் எத்தனை பேர்? பத்துமலைக் குகைகளுள் ஒன்றில் ஒராங் ஊத்தான் பற்கள் கல்லாய்ச் சமைந்து கிடைத்ததை ஆராய்ச்சியாளர் 2013இல் வெளியிட்டனர். அக்குரங்கு இப்போது தீபகற்பத்துக் காடுகளில் இல்லை. அப்பல்லை யாரேனும் பொழுதுபோக்காகப் பொறுக்கிச் சென்று அலமாரியில் வைத்திருந்தால், அது வெறும் பல். குகையில் கிடந்ததனாலேயே அது ஒரு காலத்தின் செய்தியாயிற்று.

ஆகவே சர்க்காரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. மலையேறும் வழிகளிலும் ஆற்றங்கரைகளிலும், எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது, கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழ் உள்ளிட்ட நாட்டு மொழிகளில் ஒரு பலகை நாட்டினாற் போதும். ‘அத்துமீறினால் தண்டனை’ என்ற பலகைகள் ஏராளம் உள்ளன. எது அத்துமீறல் என்று சொல்லும் பலகையைத்தான் காணோம்.

முதியவரிடம், எடுத்தவற்றைத் துலக்காமல் அப்படியே வைக்குமாறும், இனி அங்கே எதையும் கிளறாதிருக்குமாறும் சொல்லி, ஜில்லா அதிகாரிக்கு ஒரு கடிதம் வரையத் தொடங்கினோம். எது எங்கே கிடந்தது என்று கேட்டோம். மங்குகள் பெரட்டுக்களத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வழியில். குழவி அவருடைய தாயார் வீட்டுப் பின்வாசலில். வில்லை மூன்றாம் லயத்தின் கோடியில், பலாமரத்து வேரடியில். தாளின் இரு பக்கமும் நிரம்பிற்று. வில்லையிலிருந்த எண் அவருடைய தந்தையாரின் எண்ணன்று. யாருடையதென்று அவருக்கு நினைவில்லை. பந்திங்கில் இருக்கும் தம் அக்காளுக்குத் தெரியும், அவரைக் கேட்காமல் கடிதத்தை முடிக்கக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவதாக எழுந்து போனார்.