விபத்தும் வார்த்தையும்

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மீனம்பாக்கத்தில் இறங்கவேண்டிய விமானங்கள் பெரும்பாலும் மேற்குத் திசையிலிருந்தே வருகின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட வானம் அப்போது அவற்றுக்கு இறங்குபடியாகிறது. இரவுப்பணி முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் தலைக்குமேலே, விளக்கெரிய ஒரு விமானம் தாழ்ந்து செல்வது இங்கு அன்றாடக் காட்சி. வல்லம் வடகாலில் வானூர்திப் பாகங்களுக்கென்றே ஒரு சிப்காட் பூங்கா எழுந்துள்ளது. விமானத்தில் கால்வைத்திராதவர்களும் விமானச் செய்தியை ஆவலோடு படிக்கும் ஊர் எங்களுடையது. அச்செய்திகளில் கையாளப்படும் சொற்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக என் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்துவருகிறது.

2024 நவம்பர் 30 அன்று, ஃபெங்கல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், சென்னை ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் காற்றில் சாய்ந்த விமானம் ஒன்று, இறங்காமல் மீண்டும் மேலெழுந்து பறந்தது. அந்தக் காணொளி அன்றிரவே எல்லாக் கைப்பேசிகளிலும் வலம் வந்தது. 'நூலிழையில் தப்பியது', 'மரண பீதி' என்னும் வகையான சொற்களும் கூடவே வந்தன. விமானிகள் இச்செயலைக் 'கோ-அரவுண்ட்' என்பார்கள். இறங்குவது சரியாக அமையாது என்று தோன்றினால், தயங்காமல் மேலெழுந்து மறுபடி முயல வேண்டும் அல்லது வேறிடம் செல்ல வேண்டும் என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். பயணிகள் அஞ்சியது உண்மைதான். ஆனால் அங்கே நடந்தது பாதுகாப்பின் விதி நிறைவேறிய நிகழ்ச்சி. அதனை ஆபத்தின் கதையாகச் சொல்லும்போது, சரியாகச் செயல்பட்டவரே ஐயத்துக்கு உரியவராகிவிடுகிறார்.

நான் ஒரகடம் பகுதியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் பணிபுரிந்தவன். விபத்து நேர்ந்தால் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று எங்களிடம் உண்டு. அதில் உரிச்சொற்களுக்கு இடமில்லை. எந்த இயந்திரம், எந்த நேரம், என்ன நிகழ்ந்தது என்று எழுதியபின், 'ஏன்?' என்ற கேள்வியை ஐந்து முறை கேட்க வேண்டும். முதல் 'ஏன்' பெரும்பாலும் ஒரு மனிதரிடம் போய் நிற்கும். ஐந்தாவது 'ஏன்' பழுதுபார்க்காத கருவியிடமோ, மாற்றாத விதியிடமோ போய் நிற்கும். இதனை நான் ஏட்டில் கற்றதைவிட ஓர் இளைஞனிடம் கற்றதே அதிகம்.

அண்டைத் தொழிற்சாலை ஒன்றில், அழுத்த இயந்திரத்தில் அவனுடைய இரண்டு விரல்கள் போயின. கவனக்குறைவாகக் கையை விட்டதால் வந்த வினை என்று மறுநாள் நாளிதழ் ஒன்றில் நான்கு வரிச் செய்தி வெளியானது. கை உள்ளே சென்றால் இயந்திரத்தைத் தானே நிறுத்தவேண்டிய பாதுகாப்புக் கருவி பல நாட்களாகச் செயலற்றிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. அது எந்த நாளிதழிலும் வெளிவரவில்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த அப்பிள்ளைக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, விரலைப் பற்றி எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. "பையன் கொஞ்சம் கவனமில்லாதவனாமே?" என்றுதான் கேட்டார்கள். காயம் ஆறியபின்னும் அந்த ஒற்றைச் சொல் ஆறவில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 171-ஆம் விமானத்தின் செய்திகளைப் படித்தபோது அந்தப் பிள்ளையையே நினைத்துக்கொண்டேன். இலண்டனுக்குப் புறப்பட்ட அவ்விமானம் சில நொடிகளிலேயே மருத்துவக் கல்லூரி விடுதியின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் 19 பேரும் மாண்டனர். ஒரு மாதம் கழித்து வெளியான முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்த நிலைக்கு மாறியதாகக் கூறியது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், தாம் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் அதில் இருந்தன. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று அறிக்கை பெயரிடவில்லை. ஆனால் நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் பெயரிட்டன. 'தற்கொலை' என்ற சொல்லைக் கேள்விக்குறியோடு அச்சிட்டன. கேள்விக்குறி இருந்துவிட்டால் அச்சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது இக்காலத்து உத்தி போலும். சில வெளிநாட்டு ஊடகங்கள் சரிபார்க்காத செய்திகளைப் பரப்புவதாக விசாரணை அமைப்பே வருந்தி அறிக்கை விட்டது. இறந்துபோன தலைமை விமானியின் தந்தை, தொண்ணூறு வயது கடந்தவர், நீதி விசாரணை கேட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். மகன்மீது பழி விழுந்ததென்னும் பாரத்தை அவர் சுமக்க வேண்டியதில்லை என்று, 2025 நவம்பரில், நீதிபதி ஒருவர் அந்த முதியவருக்கு ஆறுதல் சொல்ல நேர்ந்தது.

பழிச்சொல்லைப் போலவே புகழ்ச்சொல்லும் காயப்படுத்தக்கூடும். அந்த விமானத்தில் ஒருவர் மட்டும் உயிர்பிழைத்தார். 'அற்புதம்', 'கடவுள் காப்பாற்றினார்' என்று செய்திகள் முழங்கின. உயிர்பிழைத்தவர் நன்றியோடு அவ்வாறு கூறினால் அது செபம். செய்தித்தாள் கூறும்போது, அதே நாளில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது எவ்வாறு ஒலிக்கும்? மற்ற 241 பேரையும் கடவுள் கைவிட்டாரா? சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றி நம் ஆண்டவர் பேசியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ண அவர் இடம் கொடுக்கவில்லை. விபத்தைத் தீர்ப்பாக வாசிக்கும் வழக்கம் எவ்வளவு பழையது!

நம் தமிழ் மண்ணிலும் இதைக் கண்டோம். 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய துணைவியார் உட்பட 13 பேர் அன்றே இறந்தனர்; பதினான்காமவரான குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி உயிர்நீத்தார். நெருப்பு அணையுமுன்பே 'சதி', 'மர்மம்' என்ற சொற்கள் பரவின. இறந்தோரின் மாண்பை மதித்து ஊகங்களைத் தவிர்க்குமாறு விமானப்படை கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரியில் வந்த விசாரணை முடிவு சதியையும் இயந்திரக் கோளாறையும் மறுத்தது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாற, ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்தது. விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்றது. பின்னர் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் 'மனிதத் தவறு' என்றே காரணம் பதிவாயிற்று. உண்மை கசப்பாகவும் வரலாம், வரட்டும். ஆராய்ந்து சொன்னால் அது பாடம், ஆராயாமல் சொன்னால் அது பழி.

அன்று நஞ்சப்பச்சத்திரம் மக்கள் நீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். விழுந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஏன் விழுந்தது என்று அவர்கள் கேட்கவும் இல்லை.

விமான விபத்து விசாரணைக்கு உலகநாடுகள் ஏற்றுக்கொண்ட விதி ஒன்று உண்டு. சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு அது. மீண்டும் விபத்து நேராமல் தடுப்பதே விசாரணையின் நோக்கம், பழி சுமத்துவதன்று என்பது அதன் சாரம். நாம் 'கறுப்புப் பெட்டி' என்று மர்மத்தோடு அழைக்கும் கருவியின் நிறம் உண்மையில் ஆரஞ்சு. அதற்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலிய அறிவியலர் டேவிட் வாரன். 1934-இல் அவர் சிறுவனாயிருந்தபோது அவருடைய தந்தை விமான விபத்தில் மறைந்தார். ஊகத்தின் இடத்தில் சான்றை வைத்த கருவியை, தந்தையை இழந்த ஒருவர் உலகுக்கு அளித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சம் நெகிழ்கிறது.

நாளிதழ்களை மட்டும் குறைசொல்வது முறையன்று. நள்ளிரவில், சில நிமிடங்களில், ஒற்றை வரியில் தலைப்பிடவேண்டிய உதவி ஆசிரியரின் நெருக்கடி பெரிது. வெறுமையான சொற்களும் தீர்வாகா. 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற மெத்தைக்கு அடியில் எத்தனையோ அலட்சியங்கள் உறங்குவதைத் தொழிற்சாலையிலேயே கண்டிருக்கிறேன். அதனைத் தோண்டிக் கேட்கும் செய்தியாளர் நமக்கு வேண்டும். தெரிந்ததைத் துணிந்து சொல்வதும், தெரியாததைத் 'தெரியவில்லை' என்று சொல்வதும் ஒரே நேர்மையின் இரு கைகள்.

அந்தத் தலைப்புகளை விலைகொடுத்து வாங்குவோரும், விரலால் தள்ளி அடுத்தவருக்கு அனுப்புவோரும் நாம்தாம். பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசித் திரைக்கும் உரியது. இறந்தவர் எழுந்துவந்து மறுக்க முடியாது. அவர் சார்பில் மறுக்க எஞ்சியிருப்பவர் ஒரு முதிய தந்தையோ, பள்ளிக்குச் செல்லும் ஒரு மகளோதான். அடுத்தமுறை இத்தகைய செய்தி நம் கைக்கு வரும்போது, இந்தச் சொல்லை அந்தத் தந்தையின் முன்னிலையில் உரக்கப் படிக்க என்னால் இயலுமா என்று கேட்டுப் பார்ப்போம். இயலாதெனில், அச்சொல் நம்மோடு நின்றுவிடட்டும். விசாரணை அதன் வேலையைச் செய்யும். இறந்தோருக்காக மன்றாடுவது நம் வேலை.