கொத்தனார் கட்டிய பீட்சா அடுப்பு

ஊருக்கே வீடு கட்டிய கொத்தனார் அவர். மகள் கேட்டது, கொல்லையில் ஒரு பீட்சா அடுப்பு.

செங்கல் தளத்தில் மணலைக் குவித்து, ஈர செய்தித்தாள் ஒட்டி, களிமண்ணும் மணலும் மிதித்துப் பூசினார். கொஞ்சம் இறுகியதும் உள்மணலை அள்ளினார். கூடு நின்றது. அன்றே கட்டை விறகு வைத்தார். மண்ணிலிருந்த ஈரம் ஆவியாகி, படாரென விரிசல். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவரால்.

"புது அடுப்புக்கு அவசரம் ஆகாதுப்பா. சுள்ளியில ஆரம்பி" என்றார் அப்பத்தா.

விரிசலை அடைத்து, வெளியே உமி கலந்த மண் பூசி, ஒரு வாரம் சிறு தீ மட்டும். எட்டாம் நாள் முழு நெருப்பு. உட்கூரையின் கரி எரிந்து வெளுத்ததும் தணலை ஓரம் தள்ளினார். 2 நிமிடத்தில் பீட்சா உப்பி வந்தது. முதல் துண்டு அப்பத்தாவுக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் கேட்டார். "கட்ட ரெண்டு நாள், காய பத்து நாள்" என்றார் கொத்தனார்.