ஆடியா, ஐப்பசியா? ஊருக்கு ஊர் நடவுக்காலம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதை மனதில் வைத்துக்கொண்டு, ஆடி பிறந்ததும் கன்று வாங்கிக் கொல்லையில் நட்டுவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். ஜூன் 5-ம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம். ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம். 1950-ல் மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கி வைத்தது. அந்த நாட்களில் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு கன்று கொடுத்து அனுப்புகிறார்கள். குழந்தையும் ஆசை ஆசையாக நட்டு, தண்ணீர் ஊற்றி, அதற்கு ஒரு பெயர்கூட வைக்கிறது. சென்னையில் அப்படி நட்ட கன்றுகளில் பல, ஆவணிக்குள் வெறும் குச்சியாகி நிற்கும். "நான் நட்டா எதுவுமே வராதும்மா" என்று குழந்தை முடிவு கட்டிவிடும்.

கைராசியில் ஒரு கோளாறும் இல்லை, சகோதரிகளே. கோளாறு காலத்தில்தான். வேம்பு, நாவல், புன்னை, மகிழம் என்று நம் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மரங்களுக்குக்கூட ஊருக்கு ஊர் நடவுக்காலம் மாறும். குழந்தைகளின் காலாண்டு லீவில் பத்து நாள் ஊர் சுற்றியபோது இதைக் கண்கூடாகவே பார்க்க முடிந்தது.

சென்னை: ஐப்பசி வரை பொறுங்கள்

நாங்கள் கிளம்பியது புரட்டாசியில். சென்னையில் ஒரே புழுக்கம். ஜூன், ஜூலையில் கேரளம் நனைந்துகொண்டிருக்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையைத் தடுத்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது எப்போதாவது ஒரு சாயங்கால மழை. அது மேல் மண்ணை நனைக்கும். மறுநாள் வெயில் வந்து அதையும் உறிஞ்சிவிடும். ஜூன் மாதத்திலும் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. இளங்கன்றின் வேர் எங்கே போகும், பாவம்!

சென்னையின் வருஷ மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஆகவே ஐப்பசி பிறந்து, இரண்டு மழை பெய்து, ஒரு முழம் ஆழத்துக்கு மண் ஈரமானதும் நடுவதே இங்கே உத்தமம். "கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை" என்பார்கள். மார்கழிக்கு மேல் நட்டால் வேர் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.

அப்படியானால் ஜூனில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கன்றை என்ன செய்வது? பையைவிடப் பெரிய தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். தினமும் தண்ணீர் விடுவது குழந்தையின் பொறுப்பாக இருக்கட்டும். ஐப்பசியில் தரைக்கு மாற்றலாம்.

புத்துப்பட்டு: ஐயனார் காத்த காடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு கோயில் காடு. வெளியே உப்புக் காற்றும் மணல் சூடும். உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி! சாமி காடு என்பதால் தலைமுறை தலைமுறையாக மரத்தை வெட்ட யாரும் துணியவில்லை. வீரை, கருங்காலி, காட்டு எலுமிச்சை, காயா எல்லாம் நெருங்கி நிற்கின்றன. பெருமாளின் நிறத்துக்கு ஒப்பாகச் சொல்கிறோமே, அந்தக் காயாம்பூ பூப்பது இந்தக் காயாவில்தான்.

இங்கே யாரும் குழி தோண்டவில்லை, உரம் போடவில்லை. பழம் உதிர்ந்து, விதை மழைக்காகக் காத்திருந்து, ஈரம் கண்டதும் பெரிய மரத்தின் நிழலில் முளைக்கிறது. மழையும் நிழலும் சேர்ந்து கிடைத்தால் நாட்டு மரம் தன்னாலேயே வரும்.

அடுத்த நாள் ஆரோவில். 1968-ல் தொடங்கியபோது அது மழைநீர் அரித்துப் போன செம்மண் பொட்டல். முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களை நிழலுக்காக வைத்து, அவற்றின் அடியில் நம்முடைய மெதுவாக வளரும் மரங்களை நட்டார்கள். இன்று அது காடு! வீட்டில் நமக்கு இத்தனை வேண்டாம். முதல் கோடையில் கன்றின் மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தாலே போதும்.

இராமநாதபுரம்: கன்று வேண்டாம், கொட்டை போதும்

அங்கிருந்து தெற்கே இராமநாதபுரம். மழை குறைச்சல்; வருவதும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். கண்மாய்க் கரையில் ஒரு வயதான அம்மாள் பனங்கொட்டைகளைப் புதைத்துக்கொண்டிருந்தார். "கன்னு வாங்கி வச்சா சீக்கிரம் வருமே பாட்டி?" என்றேன். சிரித்துவிட்டு, "பனைக்கு ஏது தாயி கன்னு? பொதச்சு விட்டுட்டா மழை வந்ததும் அது பாட்டுக்குக் கீழே எறங்கிப்புடும்" என்றார்.

உண்மைதான். பனை முளைக்கும்போது முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. அதைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் தேறுவது கஷ்டம். ஆடி, ஆவணியில் பழம் விழுகிறது. புரட்டாசியில் கொட்டையைப் புதைத்தால் பின்னாலேயே மழை. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு இப்படிப் புதைத்த கொட்டையிலிருந்து வருவதுதானே! பழமொழியும் "நடு" என்று சொல்லவில்லை, "விதை" என்றுதான் சொல்கிறது. வேப்பம்பழமும் நாவல்பழமும் உதிர்வது ஆனி, ஆடியில்தான். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அதை ஆடியிலேயே பையில் ஊன்றி வையுங்கள். அடுத்த வருஷம் ஐப்பசிக்கு நடுவதற்கு வாகான கன்று தயார்.

நாகர்கோவில்: இரண்டு வாய்ப்பு

நாகர்கோவிலில் இறங்கியதும் கண்ணுக்கெல்லாம் பச்சை. வாழையும் தென்னையும் குளங்களும்! "எங்களுக்கு ரெண்டு மழையாக்கும் மக்களே" என்றார் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா. ஜூனில் தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கிறது; அக்டோபரில் வடகிழக்கு. நெல்லிலும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. கன்னி, கும்பம் என்ற மலையாள மாதப் பெயர்கள் போகத்துக்கு நிலைத்துவிட்டன. கன்று நடவும் அப்படியே: ஜூனில் தவறினால் அக்டோபர். புன்னையும் அயனியும் இந்த ஊர் மண்ணுக்குச் சொந்தப் பிள்ளைகள்.

கோவை: காற்று ஓயட்டும்

ரயிலேறிக் கோவை வந்தோம். கேரளத்துக்குப் பக்கத்து வீடுதானே, ஜூன் மழை இங்கே பிரமாதமாக இருக்குமே என்று நினைக்கத் தோன்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது மழையைவிடக் காற்றுதான் அதிகம். நகரத்துக்குக் கிடைப்பது சாரல். "ஏனுங்க அம்மிணி, ஆடிக்காத்துல கன்னு நட்டா ஆடிக்கிட்டே இருக்குமுங்க, வேரு எப்படிப் புடிக்கும்?" என்று கேட்டார் பொள்ளாச்சி சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அம்மாள். காற்று ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழையில் நடுவதுதான் இங்கே வழக்கமாம். கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் பார்க்கும் வெள்வேலும் முள்கிளுவைவேலியும் இந்த வறட்சிக்கும் காற்றுக்கும் பழகியவை.

உதகை: பனிக்கு முன்னால்

கடைசியாக உதகை. குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி மலையேறினோம். 7,000 அடிக்கு மேல் உள்ள ஊர். சென்னையில் நடவு தொடங்கும் நேரத்தில் இங்கே நடவு முடிகிறது!

காரணம், உறைபனி. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, மேகம் இல்லாத இரவுகளில் புல் மேலே உப்புத் தூவினாற்போல் பனி உறைந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். அதனால் மேட்டை விடப் பள்ளத்தில்தான் கன்று அதிகமாகக் கருகும். கருகியதைப் பார்த்தால் வெயிலில் தீய்ந்தது என்றே சொல்வோம்.

இங்கே ஜூனில் மழை பிடித்ததும் நட்டுவிட வேண்டும். பனிக்கு முன் நாலைந்து மாதம் வேர் ஓட நேரம் கிடைக்கும். கிழக்குச் சரிவில் உள்ள குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையும் நன்றாகப் பெய்யும். அங்கே இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டாலும் பாதகமில்லை.

இந்த மலையின் சொந்த மரங்கள் சோலைகளில் இருக்கின்றன: சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு, காட்டுச் சண்பகம், நாவல் வகைகள். சோலை மரத்தின் பிள்ளைகள் திறந்த வெளியில் பனியைத் தாங்குவதில்லை. தாய்மரங்களின் கூரைக்குக் கீழேதான் வளர்கின்றன. ஆகவே வீட்டில் வைப்பவர்கள் சுவரோரமாகவோ பெரிய செடியின் அண்டையிலோ வைக்கலாம். பனிக்கால இரவுகளில் கோணிச் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நீலகிரியில் எல்லா இடத்திலும் மரம் இருக்க வேண்டியதில்லை. சோலைக்கு நடுவே விரிந்திருக்கும் புல்வெளியும் அந்த மண்ணின் சொந்தம்தான். 12 வருஷத்துக்கு ஒரு முறை, கடைசியாக 2018-ல் மலைகளை நீலமாக்கிய குறிஞ்சி வளர்வது அந்தப் புல்வெளிகளில்தான். தைலமரமும் சீகைமரமும் வெளிநாட்டிலிருந்து வந்து அந்தப் புல்வெளிகளில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டன.

நடும்போது கவனிக்க

* முதலில் உங்கள் ஊரில் பெருமழை எப்போது என்று கேளுங்கள். அது முடிந்ததும் வரப்போவது வெயிலா, பனியா, காற்றா என்றும் கேளுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பாவது கன்று தரையில் இருக்க வேண்டும்.
* ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழியை மழைக்கு முன்பே தோண்டி ஆறப்போடுங்கள். மட்கிய எருவும் மேல் மண்ணும் கலந்து நிரப்புங்கள்.
* பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு, மண் உதிராமல் சாயங்கால வேளையில் நடுங்கள். தண்டின் அடி மண்ணில் புதையக் கூடாது.
* தண்ணீர் தேங்கும் கொல்லையில் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். முருங்கைப் போத்து அடைமழையில் அழுகிவிடும். அதை மழைக்கு முன்பே ஊன்றுவது நல்லது.
* கடற்கரை ஊர்களில் புயல் காலத்துக்குக் கன்றின் பக்கத்தில் ஒரு கொம்பு நட்டு, பழைய சேலைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள்.
* மழை நின்றதும் அடியில் காய்ந்த சருகு பரப்புங்கள். முதல் கோடை முழுவதும் வாரத்துக்கு இரண்டு முறை ஆழ ஊறும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்.

முதல் கோடையைத் தாண்டிவிட்டால் நாட்டு மரம் நம்மை அதிகம் தொந்தரவு செய்யாது. வேப்பங்காற்றும் நாவல்பழமும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சமிருக்கும். இந்த வருஷம் உங்கள் ஊர் மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். குழந்தையின் கையாலேயே நட வையுங்கள்.