நிற்கச் சொன்னால் நிற்காத மோட்டார்

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கடைசிக் கிணற்றில் இருக்கும் சோலார் மோட்டார், கைபேசியில் ஓடச் சொன்னால் ஓடுகிறது. நிற்கச் சொன்னால் நிற்பதில்லை. ஆனால் ‘ஓடிக்கொண்டிருக்கிறேன், இத்தனை ஆம்பியர் இழுக்கிறேன்’ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தோப்புக்காரருக்குத் தகவல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. தொட்டி நிரம்பி வழிந்து, தென்னைக்கு நடுவே போட்டிருந்த கோகோச் செடிகளின் அடியில் சேறு நிற்கிறது. அணைக்க வேண்டுமானால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

“அது சொல்றதெல்லாம் சொல்லுதுங்க. நாம சொல்றத மட்டும் கேக்க மாட்டேங்குதுங்க” என்றார். குறையை இதைவிடச் சரியாக எந்த இன்ஜினியரும் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். செல்போன் சிக்னல் அங்கே வரும், போகும், நம்ப முடியாது. அதனால் லோரா என்கிற நெடுந்தூர ரேடியோவைப் போட்டிருக்கிறார்கள். மோட்டார் பெட்டிக்குள் ஒரு சின்ன ரேடியோ போர்டு, அதற்கு நோட் என்று பெயர். வீட்டு மொட்டை மாடியில் இரும்புக் குழாயில் ஆன்டெனா, அதன் அடியில் கேட்வே. நோட்டிலிருந்து கேட்வேக்குப் போவது அப்லிங்க். கேட்வேயிலிருந்து நோட்டுக்கு வருவது டவுன்லிங்க். விற்க வருகிறவர்கள் பேசுவதெல்லாம் அப்லிங்க் பற்றித்தான்: மண் ஈரம், நீர்மட்டம், இத்தனை கிலோமீட்டர் எட்டும், பேட்டரி இத்தனை வருடம் வரும். கேட்வே ஒரே நேரத்தில் எட்டு சேனலில் கேட்கும். பேசுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், பேசும்போது காதும் அடைத்துக்கொள்ளும். இதை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. மோட்டாரை நிறுத்தப் போகும்போதுதான் தெரிகிறது.

பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். கொடைக்கானல் டிவி ஸ்டேஷனைப் பிடிக்க வீடுகளின் மேல் ஆன்டெனா திருப்பித் திருப்பித் தொழிலுக்கு வந்து, கேபிள் டிவி, செல்போன் டவர் என்று ஏறி இறங்கியவர். மற்றவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்த இளம்பெண். அவர் இவரை ‘அண்ணா’ என்கிறார், இவர் அவரை ‘அம்மிணி’ என்கிறார். ஏறுவது அண்ணன், கணக்கு அம்மிணி என்றுதான் தோப்புக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்; நானும் அப்படித்தான் எண்ணிப் போனேன்.

“இன்னும் இருவது அடி ஏத்திப் போட்டுருங்க, சரியாப் போயிரும்” என்றார் தோப்புக்காரர். எல்லா ஊரிலும் எல்லாரும் சொல்வது இதுதான். ஏறுகிறவர்தான் முதலில் மறுத்தார். “அங்கிருந்து வர்றது நல்லா வருதுங்களே ஐயா. வர்ற வழிதானே போற வழியும்? ஏத்தி என்ன பண்றது?”

இந்தத் தொழிலின் அடிப்படையே இந்தப் பதிலில் இருக்கிறது. காற்று, தென்னை ஓலை, மேடு பள்ளம், கேபிள், ஆன்டெனா எல்லாம் இரண்டு திசைக்கும் ஒரே அளவுதான் தின்னும். கேபிளில் தண்ணீர் இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் கெடும். மெலிந்த ஆர்ஜி 58 கேபிளைப் பத்து மீட்டர் இழுத்திருந்தால் இந்த அலைவரிசையில் சுமார் 5 டெசிபெல் போகும். அதுவும் இரண்டு பக்கமும்தான் போகும். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் வழியைச் சந்தேகப்படக் கூடாது. பேசுகிற வாயையும் கேட்கிற காதையும்தான் பார்க்க வேண்டும்.

அம்மிணி திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். கேட்வேயின் பதிவேட்டில் முதலில் பார்த்தது, கட்டளை உண்மையிலேயே காற்றில் போனதா என்பதை. பல இடங்களில் கதை இங்கேயே முடிந்துவிடுமாம். சர்வரிலிருந்து இன்டர்நெட் வழியாகக் கட்டளை வந்து சேரத் தாமதமானால், கேட்வே ‘நேரம் தாண்டிவிட்டது’ என்று எழுதிவிட்டு அனுப்பாமலே விட்டுவிடும். பேட்டரியில் ஓடும் சாதாரண நோட் தான் பேசி முடித்த ஒரு வினாடிக்குப் பிறகு கொஞ்ச நேரம், இரண்டு வினாடிக்குப் பிறகு கொஞ்ச நேரம் என்று இரண்டே தடவைதான் காதைத் திறக்கும். இந்த மோட்டார் நோட் அந்த ரகம் இல்லை, எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் ‘கிளாஸ் சி’. கட்டளைகளும் ஒவ்வொன்றாகப் போயிருந்தன. 866.550 மெகாஹெர்ட்ஸ், பரப்பல் அளவு எஸ்எஃப் 10. இந்தியாவுக்கு வகுத்தபடி எல்லாம் சரி.

பிறகு ஒரு வரியில் நின்றார். “அண்ணா, பவர் 14 கேக்குது. ஆன்டெனா கெயின் 6னு போட்டிருக்கு.”

“அப்ப எட்டா?”

“எட்டுதான்.”

சர்வர் கேட்கும் அளவிலிருந்து ஆன்டெனாவின் கெயினைக் கேட்வே கழித்துக்கொள்ளும். ஆன்டெனா கூட்டிக் கொடுப்பதை முன்கூட்டியே குறைத்துக்கொள்வதுதான் முறை. 14இல் 6 போனால் 8 டிபிஎம். அதாவது 6 மில்லிவாட் சொச்சம். மோட்டார் பெட்டிக்குள் இருக்கிற நோட்டோ 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட்டில் பேசுகிறது. மாடியில் கம்பீரமாக நிற்கும் கேட்வே, பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் நோட்டைவிட 12 டெசிபெல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. 14 எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் இந்த வகைக் கருவிக்குப் பெரும்பாலான சேனல்களில் 25 மில்லிவாட்தான் உச்சம், அது 14 டிபிஎம். அங்கத்திய அமைப்பை எடுத்து, அலைவரிசையை மட்டும் இந்தியாவுக்கு மாற்றிவிட்டு, பவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். இங்கே 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005லிருந்தே லைசென்ஸ் வேண்டாம், 1 வாட் வரை அனுப்பலாம். லோராவான் என்ற லோரா நெட்வொர்க் விதிமுறையின் இந்திய வகுப்பும் ஆன்டெனாவோடு சேர்த்து 30 டிபிஎம் வரை தருகிறது.

14ஐ 30 ஆக்கிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். அம்மிணி நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்.

அந்தக் கழித்தலை அருகிருந்து பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம். நோட் 20இல் பேசியது கேட்வேக்கு −108இல் வந்து சேர்ந்திருக்கிறது. ஆக வழியில் போனது 128. திரும்பும் வழியிலும் அதே 128தான் போகும். கேட்வே 8இல் பேசினால் கிணற்றில் −120 கிடைக்க வேண்டும். அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “அங்க போய் அளந்தா −120 பக்கம் வரணும். வந்தா கேட்வே மேல குத்தமில்ல, செட்டிங்தான். அதுக்கு ரொம்பக் கீழ வந்தா உள்ள பவர் ஆம்ப்ளிஃபயர் போயிருச்சு.”

ஆம்ப்ளிஃபயர் என்றதும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. அவர் கடையில் அப்படிச் செத்த கேட்வேக்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றனவாம். கரண்டை நிறுத்தாமல் ஆன்டெனாவைக் கழற்றுவார்கள். அந்த நேரம் பார்த்து அது பேசும். போன பவர் போக இடமில்லாமல் திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரைக் கெடுக்கும். “உடனே சாகாதுங்க. பாதி சாகும். கேக்கறதுல ஒண்ணும் தெரியாது, பேசறது மட்டும் எறங்கிரும். மொத பவர், அப்புறம் ஆன்டெனா. எங்கிட்ட வேலைக்கு வர்ற பசங்களுக்கு ஸ்பேனர் குடுக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லிக்குடுப்பேன்.”

கிணற்றுக்குப் போனோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓலைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. அம்மிணி இரும்புப் பெட்டியைத் திறந்து, நோட்டின் சீரியல் பின்னில் லேப்டாப்பை மாட்டினார். வீட்டிலிருந்து தோப்புக்காரரின் மகன் ஒரு கட்டளை அனுப்பினான். திரையில் −121 என்று வந்தது. கணக்குக்கும் அளவுக்கும் ஒரே ஒரு டெசிபெல்தான் வித்தியாசம். கேட்வே நல்லபடியாகத்தான் இருக்கிறது.

ஆனால் −121 என்பது கேட்காமல் போகிற அளவும் இல்லை. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ரிசீவரின் சொந்த இரைச்சலே −117 பக்கம் இருக்கும். லோரா இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் குரலையும் பொறுக்கி எடுக்கும். எஸ்எஃப் 10இல் 15 டெசிபெல் அடிவரை, அதாவது −132 வரை. கையில் 11 டெசிபெல் மிச்சம் இருக்கிறது. அப்புறம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

“ஓடறது கேக்குது, நிக்கறது கேக்கல. நிக்கச் சொல்றப்ப மோட்டார் ஓடிட்டுத்தானே இருக்கும்?” இதைச் சொன்னது அண்ணன். அம்மிணி நிமிர்ந்து பார்த்தார். மோட்டாரைப் போட்டார்கள். மகன் கட்டளைக்கு மேல் கட்டளையாக அனுப்பினான். திரையில் ஒரு வரிகூட வரவில்லை.

கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரை நோட்டின் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பிடித்தபோது விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. சோலார் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி வெட்டி வெட்டிக் கொடுக்கும் டிரைவ் அதே பெட்டியில், ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நோட்டுக்கு 12 வோல்ட்டும் அதிலிருந்தே வருகிறது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் திரையின் அடிக்கோடு மொத்தமாக 25 டெசிபெல் எழும்பியது, நிறுத்தினால் விழுந்தது. “நோம்பியில ஸ்பீக்கர் கட்டின கம்பத்துக்கு அடியில நின்னு போன் பேசற மாதிரிங்க. நீங்க பேசறது அவனுக்குக் கேக்கும், அவன் பேசறது உங்களுக்குக் கேக்காது” என்று தோப்புக்காரருக்கு விளக்கினார் அண்ணன். கேட்வே இந்த இரைச்சலுக்கு 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால்தான் அப்லிங்க் அத்தனை சுத்தமாக வந்துகொண்டிருந்தது.

பவரை மட்டும் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆன்டெனா போக 24 டிபிஎம், கிணற்றில் −104. மோட்டார் ஓடும்போது தேவை −107. மூன்று டெசிபெல் மிச்சத்தில் அன்றைக்கு வேலை செய்திருக்கும். காசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மழையில் ஓலை நனைந்த முதல் நாளே மறுபடி போன் வந்திருக்கும். எத்தனையோ கருவிகள் ‘சரியில்லாத சாமான்’ என்று பேர் வாங்கி மூலையில் கிடப்பது இப்படிப்பட்ட மூன்று டெசிபெல் வைத்தியத்தால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அண்ணன் ஆன்டெனாவைப் பெட்டியிலிருந்து கழற்றினார், கரண்டை நிறுத்திவிட்டுத்தான். மூன்று மீட்டர் தள்ளி ஒரு ஜிஐ பைப்பை ஊன்றி உச்சியில் மாட்டினார். கனெக்டரின் மேல் ஒட்டுப்பசை இல்லாத ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, அடியிலிருந்து மேலே ஓடு வேய்வதுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறச் சுற்றினார். தண்ணீர் வழிய வேண்டும், உள்ளே இறங்கக் கூடாது. டேப் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு ஒரே உடம்பாகிவிடும். 12 வோல்ட் ஒயரில் ஒரு ஃபெரைட் வளையம் போட்டார். இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில் அப்லிங்கே −99 ஆகியிருந்தது. மோட்டார் ஓட ஓட நிற்கச் சொன்னார்கள். நின்றது. மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்தினார்கள். தோப்புக்காரர் கைபேசியை மகனிடமிருந்து வாங்கித் தானே ஒரு தரம் நிறுத்திப் பார்த்தார்.

சிக்கல் பில்லில் வந்தது. மாடியில் ஏறினால் இவ்வளவு, புது ஆன்டெனா போட்டால் இவ்வளவு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. “மேல ஏறவே இல்லையேப்பா, புதுச் சாமானும் ஒண்ணும் போடல. ஒரு பைப்பும் வளையமும்தானே?” என்றார் தோப்புக்காரர். அவர் கஞ்சத்தனமான ஆள் இல்லை. கண்ணால் பார்த்த வேலைக்குக் கூலி கொடுத்துப் பழகியவர். அம்மிணிக்கு முகம் சுருங்கியது. அண்ணன் வாதாடவில்லை. அம்மிணியின் நோட்டுப்புத்தகத்தை வாங்கி, வட்டம் போட்ட −120ஐயும் அளந்த −121ஐயும் காட்டி, “இந்த ரெண்டு நம்பர் ஒத்துப் போகலைன்னா உங்களுக்குப் புதுக் கேட்வே வாங்கச் சொல்லியிருப்போங்க ஐயா” என்றார்.

தோப்புக்காரர் அந்தக் கேட்வேயின் விலை என்ன என்று கேட்டார். சொன்னதும், கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வீட்டிலும் இதே டிரைவ்தான் இருக்கிறது, போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.