பாதியில் நின்ற பக்கங்கள்

வீட்டின் மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு கேபிளைப் பற்றியா கட்டுரை என்று வாசகர்களில் சிலர் வியப்படையலாம். மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கும் மின்கருவிகளுக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். கல்லூரியில் நான் பயின்றது வரலாறு, இயற்பியல் அன்று. ஆயினும், ஒரு கேபிளைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த பிழையால் எங்கள் குடும்பம் இழந்ததை இனி மீட்க இயலாது. அவ்விழப்பு வேறொரு வீட்டில் நேரக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

காயல்பட்டினத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த என் பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் அதனுள் இருந்தன. கடைக்கணக்கு, கப்பல் பயணம், குடும்பத்தில் நடந்த திருமணங்கள், பிறப்பு இறப்பு விவரங்கள், கைமருந்து முறைகள் என யாவற்றையும் அவர் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்தார். அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் உம்மாவும் நானும் மட்டுமே.

தாள்கள் பொடியத் தொடங்கியதைக் கண்டு, இரண்டாண்டுக் காலம் இரவு நேரங்களில் ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாக வைத்துப் பதிவு செய்தேன். எழுத்தின் நுட்பம் கெடலாகாது என்று மிக உயர்ந்த தரத்தில் பதிந்தமையால், ஒரு பக்கமே ஏறக்குறைய 100 மெகாபைட் இடம் பிடித்தது. சுமார் 4,000 பக்கங்கள். ஆக மொத்தம் 400 ஜிகாபைட். அனைத்தும் என் மடிக்கணினி ஒன்றிலேயே இருந்தன. அவ்வப்போது மறுபிரதி எடுத்து வைக்காமல் இருந்தது என் முதல் தவறு.

2023 நவம்பரில் சென்னையிலிருந்து என் அக்காவின் கணவர் வந்திருந்தார். பிரதி எடுத்துச் செல்வதற்கென்றே புதிய டிஸ்க் ஒன்றும் கொண்டுவந்தார். உறவினர் வீடுகளுக்குச் சென்று வருவதிலேயே நாட்கள் கழிந்தன. அவர் ஊருக்குத் திரும்பும் நாளன்று, மஃரிபுக்குப் பிறகே கணினியின் முன் அமர்ந்தோம். ரயில் நிலையத்துக்குப் புறப்பட ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"டிஸ்க்கோடு கொடுத்த கேபிளைச் சென்னையிலேயே மறந்து வைத்துவிட்டேன் மச்சான். உங்களிடம் இருக்கிறதா?" என்றார்.

"இருக்கிறது மச்சான். சாதாரணக் கேபிள் அன்று, 100 வாட்!" என்று பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன்.

விரலளவு தடிமன், மேலே நூல் பின்னல், இரு முனைகளிலும் பளபளக்கும் உலோகம். "இதைவிட வேகமான கேபிள் கிடையாது" என்று சொல்லியே கடைக்காரர் விற்றிருந்தார். என் மடிக்கணினியை அது விரைவாக சார்ஜ் செய்ததும் உண்மையே. ஆனால் அன்று பிரதி எடுக்கத் தொடங்கியதும், மூன்று மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. டிஸ்க்கில் ஏதோ கோளாறு என்றே இருவரும் எண்ணினோம். ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் முடிந்தது.

"மீதியை நோன்புப் பெருநாளைக்கு வரும்போது எடுத்துக்கொள்வோம்" என்று சொல்லி அவர் விடைபெற்றார்.

பெருநாளுக்கு முன் வெள்ளம் வந்தது. டிசம்பர் 17 அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் எங்கள் ஊரில் கொட்டிய மழை சுமார் 95 செ.மீ. ஓராண்டுக்கும் மேல் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது. உம்மாவையும் பிள்ளைகளையும் பக்கத்து மாடிவீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் அலமாரியின் கீழ்த்தட்டு நீரில் மூழ்கிவிட்டது. மரப்பெட்டியும் மடிக்கணினியும் அங்கேதான் இருந்தன. நீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தால், மை கரைந்து தாள்களெல்லாம் ஒரே கட்டியாய் ஒட்டியிருந்தன. கணினியிலிருந்தும் எதையும் மீட்க முடியவில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று பொறியாளராக இருக்கிறார். அந்தக் கேபிளை அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உஸ்தாத், இது சார்ஜ் செய்வதற்கான கேபிள். மின்சாரம் தாராளமாகப் போகும், தகவல் மெதுவாகத்தான் போகும்" என்றார்.

அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் சுருங்கச் சொல்கிறேன்.

இப்போது கைப்பேசி, மடிக்கணினி யாவற்றிலும் காணப்படும் நீள்வட்ட முனைக்கு யு.எஸ்.பி. டைப்-சி என்று பெயர். 2014இல் அதன் விதிமுறை வெளியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு இதனைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. முனை ஒன்றாயிற்று, ஆனால் அதன் பின்னால் உள்ள கேபிள் ஒன்றாகவில்லை. மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் ஆற்றல் வேறு. தகவலைக் கொண்டுசெல்லும் வேகம் வேறு. ஒன்று மிகுந்திருப்பதால் மற்றதும் மிகுந்திருக்கும் என்று கொள்ளலாகாது.

முதலில் மின்சாரம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமானால், கேபிளின் முனைக்குள் ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும். 'நான் இவ்வளவு தாங்குவேன்' என்று சார்ஜருக்கு அது அறிவிக்கும். அந்த அறிவிப்பு இல்லையேல் முறையான சார்ஜர் கூடுதல் மின்சாரம் தராது. இவ்வகையில் 100 வாட் கேபிள்கள் வந்தன. 2021இல் வந்த விதிமுறை 48 வோல்ட், 5 ஆம்பியர் என 240 வாட் வரை உயர்த்தியது.

அடுத்து தகவல். சார்ஜ் செய்வதற்கென்றே செய்யப்படும் கேபிளில் தகவலுக்கு இரண்டே கம்பிகள் இருக்கும். அதன் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால் 60 மெகாபைட். நடைமுறையில் 40க்கும் குறைவு. 400 ஜிகாபைட்டுக்கு மூன்று மணி நேரம் என்று திரை காட்டிய கணக்கு இதுவே. கூடுதல் கம்பி இணைகள் உள்ள கேபிள்களில் 5, 10, 20, 40 ஜிகாபிட் எனப் பல படிகள் உண்டு. என் கணினியும் அந்த டிஸ்க்கும் 10 ஜிகாபிட் வேகத்துக்கு உரியவை. அதற்கேற்ற கேபிள் இருந்திருந்தால், மச்சான் தேநீர் அருந்தி முடிப்பதற்குள், கால் மணி நேரத்தில் 4,000 பக்கங்களும் டிஸ்க்கில் சேர்ந்திருக்கும்.

ஆகவே வாசகர்கள் கேபிள் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறேன். எத்தனை வாட்? எத்தனை ஜிகாபிட்? எவ்வளவு நீளம்? கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றுவது மட்டுமே நோக்கமானால் பெரும்பாலும் 60 வாட் கேபிள் போதும். வேகத்துக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. சில கைப்பேசிகளின் அதிவேக சார்ஜுக்கு மட்டும் அவற்றோடு வந்த கேபிளே வேண்டும். மடிக்கணினிக்கு அதன் சார்ஜரில் உள்ள வாட் அளவைப் பாருங்கள். டிஸ்க்குக்கு வாங்கும்போது ஜிகாபிட் அளவு அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'அதிவேகம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வேகம் கூடக்கூட நீளம் குறைய வேண்டும். 40 ஜிகாபிட் கேபிள் ஏறக்குறைய 80 செ.மீ.தான் இருக்கும், அதைவிட நீளமானால் உள்ளே சமிக்ஞையைப் பெருக்கும் சில்லு வேண்டும், விலையும் ஏறும். கேபிள் வேகமானதாக இருந்தும் கருவி மெதுவானதாக இருந்தால் பயனில்லை என்பதையும் மறவாதீர்கள்.

மலிவு என்று பெயரில்லாக் கேபிளையும் வாங்காதீர்கள். பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர் 2016இல் முறைகேடாகத் தயாரித்த ஒரு கேபிளைச் சோதித்தபோது அவருடைய மடிக்கணினியே பழுதாயிற்று.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கேபிள்கள் உள்ளன. ஒன்றில் 'சார்ஜ்' என்றும், மற்றொன்றில் 'பிரதி' என்றும் என் மனைவி துணித்துண்டில் எழுதித் தைத்திருக்கிறார். மச்சானிடமிருந்த பக்கங்களுக்கு மூன்று பிரதிகள் எடுத்து, மூன்று ஊர்களில் வைத்திருக்கிறோம்.

அவற்றை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். கடைசிப் பக்கத்தில் பாட்டனார் கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிறார். தம்மை எதிர்கொள்ள வந்தவரின் பெயரை எழுதத் தொடங்குகிறார். அதோடு பக்கம் முடிகிறது. "யார் வந்ததாம்?" என்று உம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் பெட்டியில் பழைய தாள்களும், கைப்பேசியில் பெரியவர்களின் குரலும் இருக்கும். தக்க கேபிளை வாங்கி, அவற்றுக்கு இந்த வாரமே பிரதி எடுத்துவிடுங்கள்.